ஒன்பது வெற்றுக் கட்டங்கள்

அன்புள்ள கௌரியக்காவுக்கு,

நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. உங்கள் மேசையில் இப்போது அச்சுப்பொறியை வைத்திருக்கிறார்கள். வேலை வழமைபோல நடக்கிறது. வேனும் வழமைபோலப் பழுதாகிறது. ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்கள் கிணற்று நீர் அறிக்கை அச்சுக்குப் போகிறது. உடுவில் பக்கத் தோட்டக் கிணறுகளில் பயிருக்குப் போடும் பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்று உப்பு எவ்வளவு என்று மூன்று வருடம் மாதாமாதம் அள்ளிப் பார்த்தோமே, அதுதான். கிணறுகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். என் அட்டவணை நிறைந்திருக்கிறது. உங்களுடையதில் ஒன்பது கட்டங்கள் வெறுமை.

கிணற்றடியில் வீட்டுக்கார அம்மாமார் முதலில் கேட்பது போத்தலைப் பற்றியல்ல. "பிள்ளை, குறை நினையாதையும். துடக்கு ஒண்டும் இல்லையே?" மாதவிலக்கு என்றால் கிணற்றில் கை வைக்கக் கூடாது. நீங்கள் ஒளிக்காமல், "இண்டைக்கு ஏலாதம்மா, அடுத்த மாதம் வாறன்" என்று திரும்பிவிடுவீர்கள். சாரதி அண்ணை தான் அள்ளித் தரட்டோ என்று கேட்டாலும், அது நீங்கள் எடுத்த நீர்மாதிரி ஆகாது என்பீர்கள். வேன் மாதத்தில் ஒரு நாள்தான் கிடைக்கும். ஆய்வுகூடத்து ஆண்களுக்கோ வெயில் ஒத்துக்கொள்ளாது.

நான் என்ன செய்தேன்? துடக்கு நாளிலும் "இல்லையம்மா" என்று சொல்லிவிட்டு வாளியை இறக்கினேன். ஒவ்வொரு முறையும். அது உங்களுக்குத் தெரிந்திருந்ததா அக்கா? ஒருநாளும் கேட்கவில்லையே.

கொழும்புக் கூட்டத்தில் தலைமை தாங்கியவர் உங்கள் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில், "வடக்கிலிருந்து வரும் தரவு இப்படித்தான், அதுவும் பெண்கள்" என்றார். எங்களுக்கு விளங்காதென்ற நினைப்பு. நீங்களும் சிங்களத்திலேயே, "காரணம் இருக்கிறது, கேட்டால் சொல்வேன்" என்றீர்கள். யாரும் கேட்கவில்லை. எல்லாக் கிணறுகளையும் திரும்ப அள்ளிப் பார்க்க அங்கிருந்து ஓர் உத்தியோகத்தரை அனுப்பினார்கள். ஆண் என்பதால் அவரிடம் எந்த அம்மாவும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு வந்த அளவுகள் எங்களுடையதோடு அப்படியே பொருந்தின. ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

கூட்டம் முடிந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏனக்கா காரணத்தைச் சொல்லேல்லை?"

"சொன்னா அந்த அறையிலை சிரிப்பினம். எங்கடை சனத்தையும் சேர்த்துத்தான் சிரிப்பினம்." பிறகு, "நீ ஏன் கதைக்கேல்லை?" என்றீர்கள்.

பயம்தான் அக்கா. கதைத்திருந்தால் என் அட்டவணை எப்படி நிறைந்தது என்று கேட்டிருப்பார்களே.

போன கிழமை எங்கள் ஆய்வுகூடப் பணிப்பாளர் கூப்பிட்டார். அவர் எங்கள் ஊர் ஆள்தான். "பிள்ளை, கௌரி இப்ப இல்லை. அவவின்ரை அட்டவணையிலை இடைவெளியும் கிடக்கு. உம்மடை பேரை முதல்லை போடுவம், அவவை நன்றிப் பக்கத்திலை போடலாம்." வேலையைத் திட்டமிட்டதும் முறையை எழுதியதும் நீங்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கு ஆத்திரம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"உதையெல்லாம் அறிக்கையிலை எழுதுறதே?"

"ஓம் சேர். அக்கா ஏன் எடுக்கேல்லை எண்டு எழுதவேணும். நான் பொய் சொல்லி எடுத்தனான் எண்டும் எழுதவேணும்."

"பிறகு அந்தச் சனம் உம்மை வீட்டு வளவுக்குள்ளை விடாது."

அது உண்மை. அந்தக் கிணறுகள் இல்லையென்றால் என் அடுத்த ஆய்வும் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் இருக்கும்போது சொல்லாததை இப்போது சொல்கிறேனே என்று அதைவிட வெட்கமாக இருக்கிறது.

அறிக்கையில் உங்கள் பெயர்தான் முதலில் வரும். வராவிட்டால் என் பெயரும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வருகிற மாதம் உடுவிலில் கேட்கிற அம்மாவுக்கு உண்மையைச் சொல்வேன். தண்ணீர் தராமல் அனுப்பினால், ஏன் தரவில்லை என்று அன்றைய கட்டத்திலேயே எழுதிவிட்டு வருவேன். இது சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
வதனி