புருவ நடுவில் இரண்டு கோடுகள்

தேவராஜ மொஹல்லா, மைசூர்
2-3-1999

சௌ. ஆண்டாளுக்கு, உன் மன்னி கமலம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே உடம்புகள் ஏதோ நடமாடுகின்றன. உன் அண்ணா இரண்டு வேளை சாப்பிடுகிறார். சாப்பிட்டதை மறந்து மூன்றாவது வேளையும் கேட்கிறார்.

போன மாதம் நீ வந்தபோது உன் நெற்றி பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. பவுடர் என்றாய். விடாமல் கேட்டதும்தான், அமெரிக்காவில் படித்து வந்த டாக்டரம்மா போட்ட, சுருக்கம் போக்கும் ஊசி என்றாய். அன்று உன்னைக் கேலி செய்தேன். இப்போது அந்த ஊசி எனக்கும் வேண்டும்.

சிரிக்காதே. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பச்சைப் பாவாடையில் நின்றுகொண்டு, "இந்த மன்னி கோபக்காரியாம்மா?" என்று சபையில் கேட்டவள் நீ. ஏழு வயது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. ஏழு வயதில் எனக்கு எல்லாம் தெரியும்.

விடிந்ததும் உன் அண்ணா கண்ணைத் திறந்து என் புருவ நடுவில் இருக்கும் இரண்டு கோட்டைத்தான் பார்க்கிறார். உடனே எழுந்து, ரயில்வேயில் மேலதிகாரி முன்னால் நின்ற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "நான் என்ன தப்புப் பண்ணினேன், கமலம்?" என்கிறார். தப்பு நிறையப் பண்ணியிருக்கிறார். ஒன்று விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் எதுவுமே நினைவில்லாத மனுஷனைத் தினமும் நடுங்க வைக்கலாமா? ஒரு நாளாவது அவர் பயப்படாமல் விழிக்க வேண்டும்.

மத்தியானம் கண் அசந்தால் குக்கரஹள்ளி ஏரி கனவில் வருகிறது. குனிந்தால் தண்ணீரில் என் முகம். காற்றே இல்லை.

ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஊசி குத்தினால் நீலம் பாரிக்கும் என்றாயே, அதனால் இருதய ஆபரேஷனிலிருந்து சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஏகாதசிக்குத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்கிறவள் நான். மாத்திரையையும் அன்றைக்கு விட்டுவிடுவது வழக்கம்தான். இந்தத் தடவை துவாதசியன்று திரும்ப ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான். நீர்க்கடுப்புக்குத் தெருக்கோடி டாக்டர் தினம் ஓர் ஊசி போடுகிறார். ஆகையால் ஊசிக்கு நான் பயப்படுகிறவள் இல்லை. நாள் கேட்டு எழுது.

மன்னி கமலம்

மல்லேஸ்வரம், பெங்களூர்
5-3-1999

மன்னிக்கு ஆண்டாளின் நமஸ்காரம்.

உங்கள் கீழ் வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. அதனால் கூரியர்க்காரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு இருதய டாக்டரிடம் போங்கள். உங்களுக்கு வைத்திருப்பது செயற்கை வால்வு. மாத்திரையை நிறுத்தினால் அதில் ரத்தம் கட்டி மூளைக்கு ஏறிவிடுமாம். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "முகத்தில் நீலம் வந்தால் பத்து நாளில் போய்விடும், உயிர் போனால் வருமா?" என்றாள். பெருமாள் உங்களிடம் மாத்திரைக்கு விரதம் கேட்டாரா மன்னி?

நீர்க்கடுப்பு ஊசியின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அந்த வகையில் சிலது இந்த ஊசியோடு சேர்ந்தால் தசை அளவுக்கு மீறித் தளர்ந்துவிடுமாம். அது முடிந்து, ரத்தப் பரிசோதனை சரியாக இருந்து, இருதய டாக்டர் சரி என்றால்தான் போடுவாளாம். கஷாயம், லேகியம் உள்பட நீங்கள் விழுங்குவது அத்தனையும் அவளுக்குத் தெரிய வேண்டும்.

உங்களை நான் பார்த்த நாளிலிருந்து அந்தக் கோடு இருக்கிறது. அண்ணாவுக்காக என்கிறீர்கள், அதனால் தடுக்கவில்லை.

ஆண்டாள்

மைசூர்
25-4-1999

ஆண்டாளுக்கு மன்னியின் ஆசீர்வாதம்.

மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேன். ஏகாதசிக்கும். இருதய டாக்டர் திட்டியதை எழுதமாட்டேன், உனக்குச் சந்தோஷமாகிவிடும். நீர்க்கடுப்பு ஊசி முடிந்து, உன் டாக்டரம்மாவிடம் ஊசி போட்டு வந்த அன்று, தலையைச் சாய்க்கக் கூடாதென்று ரயிலில் நீ என்னை உலுக்கிக்கொண்டே வந்தாய். அரைத் தூக்கத்தில் மத்தூர் வயல்களெல்லாம் தண்ணீருக்கு அடியில் போவது போல இருந்தது. இன்னும் அதிலிருந்து நான் முழுக்க விழிக்கவில்லையோ என்னவோ.

நீலம் பாரித்தது வடிந்த பிறகு ஒரு நாள் காலை, கண்ணாடியில் கோடு இல்லை. உன் அண்ணா கண்ணைத் திறந்தார். நடுங்கவில்லை. எழுந்து மேல்துண்டைச் சரிபண்ணிக்கொண்டு, "வாங்கோ, உட்காருங்கோ. பார்த்த முகமா இருக்கு, யாருன்னுதான் தெரியலை" என்றார்.

"கமலம் எங்கே?" என்றேன்.

"உள்ளே இருப்பா. மெதுவாப் பேசுங்கோ."

"கோபக்காரியோ?"

"அது மூஞ்சிதான்" என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "தனியா இருக்கறச்சே என்னமோ முனகுவா. அது பாட்டுன்னு அவளுக்கே தெரியாது. நான் டூட்டி முடிஞ்சு வந்தாலும் கதவைத் தட்டாம வெளியிலேயே நிப்பேன். தட்டினா நிறுத்திடுவாளே" என்றார்.

இத்தனை வருஷம் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நின்றது எனக்குத் தெரியாது, ஆண்டாள். நான்தான் கமலம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் கையைக் கட்டிக்கொள்வார். "அப்புறம்?" என்றேன்.

தினமும் காலையில் யாரோ ஒருத்தியாக அவர் எதிரில் போய் உட்காருகிறேன். ஊருக்கெல்லாம் தெரிந்த மாதிரி என்னைப் பற்றிச் சொல்கிறார். ஆவணி வாக்கில் கோடு திரும்பிவிடும் என்றாளே உன் டாக்டரம்மா. திரும்பவும் போட்டுக்கொள்வேனா என்று கேட்காதே.

மாம்பழம் வந்துவிட்டது. நீயும் வா. ஆனால் அவர் எதிரில் என்னை மன்னி என்று கூப்பிடாதே.

கமலம்