கௌரியிடம் கேட்காமல் விட்டது

12-8-1974, திங்கள்.

மீன் விற்கும் கௌரி இன்று என் மருந்துக் கடைக்கு வந்தாள். பெரியபாளையம் அம்மன் கோயில் வேண்டுதலுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட டாக்டர் எழுதிய ஹார்மோன் மாத்திரையைப் போன வாரம் நான்தான் கொடுத்தேன். மாத்திரையோடு வந்த குறிப்புத் தாளில் அந்த உபயோகமே போடவில்லை. கர்ப்பிணிகளுக்குக் கூடாது என்று போட்டிருந்தது. ஏற்கெனவே நாள் தள்ளியிருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். கடையில் ஆண்கள் நின்றார்கள். கூச்சத்தில் கேட்காமல் விட்டேன்.

"ரெண்டு மாசம் முழுவாம இருக்கேனாம் சார். கொழந்தைக்கு எதுனா ஆவுமா?"

தெரியாது என்றேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லி, டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். அவருக்கும் தெரியவில்லை.

வெளியே வந்ததும், "நீங்க கேட்டிருந்தா சொல்லிருப்பேனே சார்" என்றாள். குரலில் கோபமே இல்லை.

இரவு சோற்றில் ருசி தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. இனி யார் நின்றாலும் கேட்பேன். கௌரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.