அத்தாவின் பெயர்

வியாழன், இரவு ஒன்றரை மணி

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், ரப்பே, என் இறைவா. பிள்ளை இப்போதுதான் தூங்கினான்.

அத்தாவின் பெயரே ஹாஜி, ஹஜ் முடித்தவர் என்று பொருள். கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் ஹஜ்ஜுக்கு அனுப்புவதாக நேர்ந்து வைத்த பெயர். மணலியில் டேங்கர் லாரி ஓட்டியே வயதாகிவிட்டது. இந்த இதயத்தோடு இனிப் பயணமே கூடாது என்று திங்கட்கிழமை டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று பிள்ளையைப் பார்க்க வந்த அவருடைய தோஸ்து, வழக்கம்போல், "இன்னா ஹாஜியாரே, பேரு மட்டும் மக்கா போய்ட்டு வந்துட்சா?" என்று சிரித்தார். அத்தா பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டார்.

அவர் போனதும் அத்தா என்னிடம், "பேரனுக்கு என் பேரு வேணாம்மா. அவனும் இத்த சுமந்துகினு இங்கயே சாவணுமா?" என்றார்.

வேறு பெயர் வைத்தால், நீங்கள் ஹஜ்ஜுக்குப் போகவே மாட்டீர்கள் என்று நானும் அத்தாவிடம் சொன்னதாகிவிடும். காலையில் பிள்ளையின் காதில் பெயர் ஓதப் பள்ளிவாசல் ஹஜரத் வருகிறார். சீக்கிரம் பதில் சொல்.