பட்டறையில் கள் வாடை

9 அக்டோபர் 2004, குரும்பலூர்
விடாத மழை. விதைக்குச் சின்ன வெங்காயம் குவித்திருக்கும் மூங்கில் பட்டறையைத் தார்ப்பாயால் இடுக்குத் தெரியாமல் சுற்றி இறுக்கிவிட்டோம். என் வீட்டுக்காரர் அதை ஒட்டியே கட்டில் போட்டுக் காவலுக்குப் படுக்கிறார்.

14 அக்டோபர்
காலையில் அவர் உள்ளே வந்ததும் குப்பென்று கள் வாடை. சட்டையெல்லாம் அதே. ஆடி வெள்ளியில் சிறுவாச்சூர் ஆத்தா முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாரே, இனிமேல் தொடமாட்டேன் என்று! "குடிக்கலடி பரிமளா, ஆத்தா மேல ஆணை" என்கிறார். மாமியார் அழுகிறார். இன்னொரு தடவை குடித்தால் ஜெயங்கொண்டத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னா செய்யணும்ல? பெட்டி கட்டியாச்சு.

15 அக்டோபர்
பாட்டிலை எங்கே ஒளித்திருக்கிறார் என்று தார்ப்பாயைத் தூக்கிக் கையை விட்டேன். பாட்டில் இல்லை. உள்ளே வெதுவெதுவென்று சூடு. வாடை — அடேயப்பா, அங்கேதான்! வெங்காயம் கள் வடிக்குமா?

பிளஸ் டூவில் படித்தது: காற்று கிடைத்தால் செல் சர்க்கரையை முழுதாக எரித்து நிறைய சக்தி எடுக்கும். கிடைக்காவிட்டால் அரைகுறையாக உடைக்கும். கொஞ்சம்தான் சக்தி, மிச்சம் ஆல்கஹால். ஈஸ்ட்டுக்கு என்று எழுதி மார்க் வாங்கினேன். பிடுங்கிக் காயவைத்த வெங்காயமுமா? அதற்கு இன்னும் உயிர் இருக்கிறதா? இருக்கு மண்டு, இல்லாமலா நட்டால் முளைக்கிறது!

ஆனாலும் சந்தேகம் போகவில்லை. நல்ல வெங்காயமாகப் பொறுக்கி இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். ஒன்றை இறுக மூடினேன், மற்றதன் வாயில் துணி கட்டினேன். மழை ஓய்ந்திருக்கிறது, தார்ப்பாயின் ஓரங்களைத் தூக்கிக் கட்டியாயிற்று. ஊருக்குப் போவது அப்புறம்.

16 அக்டோபர்
ஒன்றும் ஆகவில்லை. எத்தனை தடவைதான் பார்ப்பது?

20 அக்டோபர்
மூடி புஸ் என்றது. அதே வாடை! துணி கட்டியதில் வெறும் வெங்காய நெடி. எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமியார் மோந்து பார்த்து, "அடியாத்தீ, வெங்காயமாடி குடிச்சிருக்கு?" என்றார். சிரிச்சு மாளல.

அவர் சிரிக்கவில்லை. "நான் சொன்னப்ப நம்பல. வெங்காயம் சொன்னா நம்புவ, இல்ல?" என்று கேட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்தேன்.

27 அக்டோபர்
சோறு வைத்தால் சாப்பிடுகிறார். பேச்சு மட்டும் இல்லை.

3 நவம்பர்
நடவு. விதையில் பாதி அழுகிப்போச்சு. அவர் மண்ணை வெட்டி மேடாக அணைத்துப் பார் கட்டினார், நான் பின்னாலேயே நட்டுக்கொண்டு போனேன். மத்தியானம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெட்ட வெட்டக் கடுக்குதே, இதுக்கும் ஒன் புஸ்தகத்துல ஏதாச்சும் இருக்கா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்! இருக்குங்க, வேகமா வெட்டுறப்ப சதைக்குக் காத்து பத்தாது, அப்ப அமிலம் ஊறும் என்று ஆரம்பித்தேன். பாதியில் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "மெதுவா சொல்லு, கேக்குறேன்" என்று வரப்பில் உட்கார்ந்தார்.