வசந்தாவுக்குச் சாம்பிராணி போட்டவளுக்கு

மழையில் நனைந்த நாயின் வாடை உனக்குத் தெரியும். நேற்று அந்தியில் பிள்ளைக்காம்பராவில் அது என் காலடியிலிருந்து வந்தது. கங்காணியின் நாய் உள்ளே வந்து பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டது. பகலில் கொழுந்தெடுக்கும் பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகும் அதே இடத்தில்தான் இப்போது கிழவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கங்காணியும் நானும் ஒரே பெஞ்சு. ஆமாம், இதை எழுதுவது நானேதான். யாரையும் கெஞ்சவில்லை. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆனாலும் வரி என்னுடையது. நீ இருந்திருந்தால் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி என் மானத்தை வாங்கியிருப்பாய்.

தோட்டத்தைக் கம்பனிக்காரர்கள் எடுத்த புதிதில் நாம் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனோமே, இனிப் பிள்ளைக்கு வழியில்லை என்று டாக்டர் சொன்ன நாள். பஸ்ஸுக்கு நடந்து வரும்போது, வீதியில் விட்டுப்போன நாய்களை எடுத்து வைத்திருக்கும் சிங்கள நோனாவின் கேட்டுக்கு முன்னால் நீ நின்றுவிட்டாய். செம்மண் நிறத்தில் ஒரு குட்டி உன் சேலை நுனியைக் கவ்வி இழுத்தது. "ஆபஹு கேன்ன எபா" என்று நோனா கண்டிப்பாகச் சொன்னார். திருப்பிக் கொண்டுவரக் கூடாதாம். எங்கள் பிள்ளை மாதிரிப் பார்ப்போம் என்று நீ என்னைவிட நல்ல சிங்களத்தில் பதில் சொன்னாய்.

நாய் வளர்க்க நமக்கு என்ன தெரியும்? மற்றவர்கள் பிள்ளை வளர்ப்பதைப் பார்த்துத்தான் உனக்குப் பழக்கம். சுடுதண்ணீரில் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, நெற்றியில் மைப்பொட்டு வைத்தாய். அது தும்மிக்கொண்டே அடுப்புக்குள் புகுந்து சாம்பலில் புரண்டு வந்தது. மறுபடியும் குளிப்பாட்டினாய். பெண் பிறந்தால் வைக்கலாம் என்று வைத்திருந்த வசந்தா என்ற பெயரை அதற்கு வைத்தாய். பேர் வைக்கிற விசேஷத்துக்கு எங்களைக் கூப்பிட மாட்டாயா என்று பக்கத்துக் காம்பராக்காரி கிண்டல் செய்தாள்.

"வா. கைய வீசிக்கிட்டு வராம எலும்பு கொண்டா" என்றாய்.

காலையில் கூடைக்குள் அதை வைத்துப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோவாய். பின்படியில் கட்டி வைக்க ஆயாவைச் சம்மதிக்க வைத்திருந்தாய். பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்த பெண்களோடு நீயும் வரிசையில் நின்றாய். அந்த வரிசையில் நின்றபோது உனக்கிருந்த முகத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு காலை, பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கும்போது கங்காணி சொன்னார். லயத்தில் நாய் வைத்திருக்கக் கூடாது, தொரை உத்தரவு.

"தொரை பங்களாவுல ரெண்டு நாய் இருக்குதுங்களே கங்காணி. அதுங்களுக்குத் தனி ரூம் வேற. எங்களுக்கே ஒரு காம்பராதான்."

நீ இப்படிக் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். நாய் போகும்வரை உங்கள் ரெண்டு பேருக்கும் வேலை இல்லை என்றார் அவர். சிரித்தவர்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். அரிசி தீரும்வரை வீட்டில் இருந்தோம். தீர்ந்ததும் வசந்தாவைச் சீத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். நோனா கேட்டைப் பாதி திறந்து அதை வாங்கிக்கொண்டார். நம்மை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை. அடுத்த மாதம் பார்க்கப் போனபோது, பெல்மதுளைச் சந்திக்குப் பக்கத்தில் இருக்கும் யாரோ வளர்க்கக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தப் பாதையில் போகும்போதெல்லாம் நீ ஜன்னல் ஓரம் கேட்டு உட்கார்ந்தாய்.

நேற்று கங்காணியிடம், உங்கள் நாயைத் தொரை ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன். அவருக்கு அது குத்தவில்லை.

"அன்னைக்கும் தொரை எங்க சொன்னாரு? அவருக்கு அது தெரியவே தெரியாதுங்க. அப்ப எங்க வீட்டுல கோழி வளத்தாங்க. தொரை பேரச் சொன்னாத்தானே ஒங்க வீட்டம்மா கேக்கும்."

சொல்லிவிட்டுக் குனிந்து தன் நாயின் காதைத் தடவிக்கொடுத்தார். கோழிக்காக. வசந்தாவுக்கு அப்போது பல்கூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. இத்தனை காலம் ஒன்றும் அறியாத தொரையைச் சபித்துக்கொண்டிருந்தேன். நீயும் அவரைச் சபித்தபடியேதான் போனாய். உன் சாவு வீட்டில் இந்த மனிதர்தான் முன்னால் நின்று பந்தல் போட்டார். அவருக்கு நான் கைகூப்பி நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இப்போது கை கூசுகிறது.

வீட்டில் உள்ள யாருடைய பெயரையாவது எழுதுங்கள் என்றார் டீச்சர். கங்காணி பேரனின் பெயரை எழுதினார். என் சிலேட்டை எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"வசந்தாவா? யாருங்க அது?"

"எங்க புள்ள."

"ஒங்களுக்குப் புள்ள ஏது?"

அவருக்குப் பெயர்கூட ஞாபகம் இல்லை. டீச்சர் அழிக்கச் சொல்லும்வரை நான் அதை அழிக்கவில்லை.

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில் நீ ஜன்னல் ஓரம்தான் இருந்தாய். ஆனால் நெஞ்சுச் சளி இழுத்து, தலை நிற்காமல் என் தோளில் சாய்ந்துவிட்டாய். பஸ் திரும்பும்போது கண்ணை மூடியபடியே கேட்டாய்.

"பெல்மதுளை வந்துருச்சா? நீங்க பாருங்க."

அது இனி இருக்காது. எந்த நாய்க்கு அவ்வளவு ஆயுசு? ஆனாலும் சந்தி வந்தால் நான் ஜன்னல் பக்கம் குனிகிறேன். நீ பார்க்கச் சொன்னாய். போதும் என்று சொல்லவில்லையே.