செவ்வாய்க்கிழமை சிதம்பரம் பஸ்

மஞ்சக்குப்பம்,
வியாழன்

அன்புள்ள ஜெனிபருக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் குவைத்துக்குத் திரும்பும் பரங்கிப்பேட்டை பாய் வீட்டுப் பிள்ளையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் தம்பி பிரகாஷ் ஜெயிலிலிருந்து வந்து இரண்டு மாதமாகிறது, அவனை ஏன் வீட்டில் சேர்க்கவில்லை என்று கோபித்துக்கொண்டாய். பக்கத்து வீட்டு மங்கலத்தின் பீரோவை அவன் உடைத்தபோது நீ இங்கே இல்லை, தினமும் அவள் முகத்தில் விழிப்பவள் நான். உள்ளே பேக்கரி வேலை கற்றுக்கொண்டான், சர்டிபிகேட் வாங்கினான், ஆள் திருந்திவிட்டான் என்கிறார் அப்பா. ரொட்டி சுடக் கற்றுக்கொடுப்பார்கள் சரி, கையை அடக்கவுமா கற்றுக்கொடுப்பார்கள்? பங்குச் சாமியார் சொல்லி சிதம்பரத்தில் ஒரு பேக்கரியில் வேலை, தங்கலும் அங்கேயே. முதல் சம்பளத்தில் எனக்குப் புடவை அனுப்பினான், நான் பில்லைக் கேட்டேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன், முழங்காலுக்கு டாக்டர் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு மூன்று செவ்வாய்க்கிழமை சிதம்பரம் போனேன். எதிரே பாத்திரக்கடையில் தூக்குவாளி விலை கேட்பதுபோல் நின்று, கல்லாப் பக்கம் போகிறானா, கண்டவர்களோடு பேசுகிறானா என்று பார்த்தேன். மூன்றாவது வாரம் அவனே ரஸ்க் பொட்டலத்தோடு சாலையைக் கடந்து வந்து, "அடுத்த செவ்வா எனக்கு லீவும்மா, வந்துட்டு ஏமாந்து போவாத" என்றான். வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் நிஜமாகவே லீவா, இல்லை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா என்று மனசு கேட்கவில்லை. அந்தச் செவ்வாயும் போனேன். சும்மா கேட்கக் கூடாதே என்று இரண்டு பன் வாங்கிக்கொண்டு முதலாளியிடம் விசாரித்தேன். லீவுதான் என்றார்.

சாயங்காலம் திரும்பினால், பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்க்கத்தான் காலையிலேயே வந்திருக்கிறான். அப்பாவுக்கு சிப்காட்டில் பகல் டியூட்டி. மங்கலம்தான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாளாம். "எங்கம்மா போயிருந்த?" என்றான். முழங்காலுக்கு டாக்டரிடம் என்றேன். என் கையிலிருந்து பையை வாங்கினான், அதில் அவன் கடைப் பெயர் போட்ட பன் பொட்டலம். பார்த்தான், பையை மூடினான். ராத்திரி முழுக்க அழுதேன் ஜெனி.

வீட்டுச் சாவி இன்னொன்று செய்யக் கொடுத்திருக்கிறேன், அது அவனுக்கு. பீரோ சாவி என் இடுப்பில்தான் இருக்கும், அதில் நீ தலையிடாதே.

மாதா உங்கள் எல்லோரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு லீவு சொல்ல மறக்காதே. இத்துடன் இருக்கும் ரஸ்க் அவன் போட்டது, பிள்ளைகளுக்குக் கொடு, நான் தின்று பார்த்துவிட்டேன்.

உன் அம்மா,
வியாகுலமேரி