கிழக்கே அஸ்தமித்த சூரியன்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் சித்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் உன் சுகத்தைக் கெடுத்தவளே அதைக் கேட்டால் நன்றாக இருக்காது, அதனால் கேட்காமல் விடுகிறேன். அப்பா போன வாரம் கெட்டிலின் விசில் சத்தம் காதைத் துளைக்கிறது என்று அதைக் கழற்றிச் சரி செய்தார், இப்போது விசிலும் அடிப்பதில்லை தண்ணீரும் கொதிப்பதில்லை, மிச்சம் வந்த இரண்டு திருகாணி சோப்புப் பெட்டியில் இருக்கிறது. சித்தி ஒரு வாரம் இனிப்பைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்து, சபதம் நிறைவேறிய சந்தோஷத்தில் முழு கேக் ஒன்றை வாங்கித் தின்றாள். வீட்டு நிலவரம் இவ்வளவுதான். இதற்கு எதற்குக் கடிதம், போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய், கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். உட்கார்ந்து படி, கையில் சூடாக எதையும் வைத்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை அழாத குறையாகச் சொன்னாயே, நாடோடிக் கரண்டி என்று ஒரு புனைபெயரில் நீ எழுதிய துறைமுக ஊர்க் கட்டுரை முழுக்கத் தப்பு என்று யாரோ ஒரு வாசகி எழுதிப் போட்டுவிட்டாள், நீ அங்கே போய்வந்ததற்குப் பத்திரிகை ஆசிரியர் அத்தாட்சி கேட்கிறார், மாசக் கடைசிக்குள் காட்டாவிட்டால் இனி அந்தப் பத்திரிகையில் உனக்கு இடமில்லை, மாதச் சம்பளம் இல்லாமல் எழுதிப் பிழைக்கிறவளுக்கு ஒருத்தர் கதவைச் சாத்தினால் விஷயம் பரவி மற்ற நாலு பேரும் சாத்துவார்கள் என்று. அந்த வாசகியை, வேலை வெட்டி இல்லாத கிழம், ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதியிருக்குது என்று வேறு திட்டினாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார், என் பொண்ணு வயித்துல அடிச்சவ கால் உடையட்டும் என்றார். அது ஏற்கெனவே ஒரு முறை உடைந்த கால்தான். ஆமாம் கண்ணு, அந்தக் கிழம் நான்தான். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். யாரவ கிராதகி, அவ நல்லாவே இருக்க மாட்டா என்று உங்கள் இருவரோடும் சேர்ந்து நானும் என்னைச் சபித்துவிட்டுப் போனை வைத்தேன்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நீ எழுதுகிற மொழியில் அம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய். கால் கட்டுப் பிரித்த மறு மாதத்திலிருந்து, எட்டு மாதமாக, செவ்வாயும் வெள்ளியும் நூலகத்து மாடியில் அந்த மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நீ ஊர் ஊராகச் சுற்றி எதைத் தின்றாய், யாரோடு எந்த மொழியில் அரட்டை அடித்தாய் என்று உலகத்துக்கே தெரிகிறது, பெற்றவளுக்கு மட்டும் அப்பா கணினியில் மொழிபெயர்த்துக் கொடுக்கிற அரைகுறைதான் கிடைக்கிறது. நீ ஒரு கிழவரோடு மீன் பிடிக்கப் போனதை, நீ ஒரு கிழவரைப் பிடித்துக்கொண்டு போனதாக அது சொல்லி எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இனி இந்தக் கணினியை நம்பி ஆகாது, உன் பிறந்தநாளுக்கு அந்த மொழியிலேயே ஒரு கடிதம் எழுதி உன்னைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று ரகசியமாகச் சேர்ந்தேன். எங்கள் ஆசிரியைக்கு உன் வயசுதான் இருக்கும், வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் என்னை அப்படி ஒரு பார்வை பார்ப்பாள். அவள்தான் போன மாதம், நம்ம ஊருக்குப் பக்கத்துல இருக்கிற இடம்தான், படிக்கச் சுலபமா இருக்கும் என்று ஒரு கட்டுரையைக் கொடுத்து, அதைப் படித்துவிட்டுப் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி வரச் சொன்னாள். நாடோடிக் கரண்டி யாரென்று எனக்கு எப்படித் தெரியும், நாங்கள் வைத்த பெயருக்கு என்ன கேடு வந்தது என்று அதை விட்டாய்? எல்லாரும் அருமை, அற்புதம் என்று நாலு வரி எழுதினார்கள். பேருந்து நிறுவனத்துப் புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவளுக்கு, இடத்தை நேரில் பார்க்காமல் ஒரு வரி எழுத வராது. அரை நாள் வழி, ஒரு பஸ், ஒரு படகு, அவ்வளவுதானே என்று சித்தியைக் கிளப்பினேன். சாப்பாட்டுச் சமாசாரம் என்றதும் அவள் இரண்டு காலி டப்பாவோடு எனக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.

படகுத் துறையிலிருந்து சில படிகள் ஏறினால் நீலக் கதவு போட்ட சாப்பாட்டுக் கடை, அதன் மாடியில் உட்கார்ந்து கடலில் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே மீன் சூப் குடிக்கலாம் என்று எழுதியிருந்தாய். சில படிகள் எத்தனை தெரியுமா, நூற்றுப் பதினான்கு. நான்தான் எண்ணினேன், சித்திக்கு மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருந்தது. மேலே நீலக் கதவு இருந்தது, உள்ளே ஒரு தையல்காரர் இருந்தார். சூப் எங்கே என்று கேட்ட சித்தியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்களும் அந்தக் கட்டுரையா, உட்காருங்க, டீ போடறேன் என்றார். ஏட்டுச் சுரைக்காயை நம்பிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நாங்கள் மட்டும் இல்லை, வாரத்துக்கு நாலு பேராவது வந்து நிற்கிறார்களாம், அவர் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார், தையலைவிட டீ நன்றாக ஓடுகிறது என்று எழுதியவரை வாழ்த்திக்கொண்டிருக்கிறார். வந்ததற்கு அஸ்தமனத்தையாவது பார்ப்போம் என்று மாடியில் உட்கார்ந்தோம். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது, சூரியனை மட்டும் காணோம். தையல்காரர் எட்டிப் பார்த்து, இது கிழக்குப் பக்கம்மா, அப்படியே உட்கார்ந்திருங்க, காலையில வரும் என்றார். கடைசிப் படகுக்கு இறங்கி வந்தால், சாப்பாட்டுக் கடை கீழே, மீன் ஏலம் விடுகிற கொட்டகைக்குப் பின்னால், நாங்கள் முதலில் இறங்கிய இடத்துக்கு இருபதடியில் இருக்கிறது. இடம் மாறி மூன்று வருஷம் ஆயிற்றாம். சூப் நிஜமாகவே நன்றாக இருந்தது, வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கியிருந்தாள் அந்தக் கடைக்காரம்மா. சித்தி டப்பாவை நீட்டியபோது அவள் சொன்னாள், கட்டுரையைப் படிச்சிட்டு வர்றவங்க எல்லாரும் மேல ஏறிப் போயிடறாங்கம்மா, இறங்கி வரும்போது படகு நேரம் ஆயிடுது, எழுதினவங்க ஒரு தடவை வந்து பாத்திருக்கலாம் என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்தக் கோபத்தில் எழுதினேன். நல்ல புகாருக்கு அடைமொழி ஆகாது, எண் வேண்டும். ஒன்று, படிகள். இரண்டு, கதவு. மூன்று, சூரியன் எந்தப் பக்கம் மறைகிறது என்பது. நான்கு, கடைக்காரம்மாவுக்குப் போய்ச் சேராத வாடிக்கை. ஐந்தாவதாக, கரண்டி நாடோடியாக இருப்பதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் சட்டி இருக்கிற இடம்வரை அது போயாக வேண்டும் என்று முடித்தேன். ஆசிரியை அந்த வரியைப் படித்துச் சிரித்து, எழுத்துப் பிழைகளைத் திருத்தி, இருபதுக்கு இருபது போட்டு, இதை நிஜமாவே அனுப்புங்க என்றாள். பள்ளிக்கூட நாளில்கூட நான் இருபதுக்கு இருபது வாங்கியதில்லை. வகுப்பே கைதட்டியது. பெயர் போடாமல் ஓய்வுபெற்ற ஒரு வாசகி என்று மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு எல்லாருக்கும் மிட்டாய் வேறு வாங்கிக் கொடுத்தேன். பெற்ற மகள் தலையில் கல்லைப் போட்டுவிட்டு மிட்டாய் கொடுத்தவள் என்னைத் தவிர எவளும் இருக்க மாட்டாள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததும் முதலில் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளையா பெற்றேன், போகாத ஊருக்குப் போனதாக எழுதி யாருக்குக் காது குத்துகிறாள் என்று அப்பாவிடம் ஒரு மணி நேரம் கத்தினேன். அவர் கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எந்தத் தேதியில போனதா எழுதியிருக்கா என்று மட்டும் கேட்டார். எடுத்துப் பார்த்தேன். போன நவம்பர் பதினாறு, வியாழக்கிழமை. அந்த வியாழக்கிழமை நீ நம் வீட்டில் இருந்தாய். பல்பு மாட்டுகிறேன் என்று நாற்காலி மேல் ஏறி விழுந்து கணுக்கால் உடைந்து நான் கிடந்த நேரம். எனக்கு இப்போ வேலை ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டு அவ்வளவு தூரத்திலிருந்து வந்து பன்னிரண்டு நாள் இருந்தாய். கட்டுப் போட்ட காலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாய். அந்த வியாழன் காலையில் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு நாள்மா, பக்கத்து ஊர் ஒண்ணு வரைக்கும் போய்ட்டு நாளைக்கு வந்துடறேன், அப்பா பாத்துக்குவார் என்றாய். எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை, ஐயோ கால் வலிக்குதே என்று ஆரம்பித்தேன். நீ பையைக் கீழே வைத்தாய். மாத்திரை கொடுத்துத் தலையணையைச் சரி செய்து பக்கத்தில் உட்கார்ந்தாய், பஸ் போய்விட்டது. வெள்ளிக்கிழமையும் அதே வலி. சனிக்கிழமை உனக்கு விமானம். வெள்ளி சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் யாரோ எடுத்த பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து நீ கணினியில் தட்டிக்கொண்டிருந்தாய், எவ்வளவு கருத்தா வேலை செய்யறா என் பொண்ணு என்று நான் படுத்தபடி பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதுவது அப்பாவுக்கும் தெரியாது. அந்த வியாழக்கிழமை எனக்குக் கால் வலிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமையும் வலிக்கவில்லை. நீ இன்னும் ஒரு நாள் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று இருந்தது, அவ்வளவுதான். நான் சொன்ன பொய்யால் நீ தங்கினாய், தங்கியதால் நீ பொய் எழுதினாய், அந்தப் பொய்யைப் பிடித்துக் கொடுத்து நான் இருபதுக்கு இருபது வாங்கினேன். மூன்று நாளாக இதை நினைத்து ஒரு நேரம் சிரிப்பு வருகிறது, ஒரு நேரம் அழுகை வருகிறது, அப்பா என்னை டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்று யோசிக்கிறார்.

உன் பத்திரிகை ஆசிரியர் எனக்கும் எழுதியிருக்கிறார். நீங்கள் அங்கே போனதற்குப் படகு டிக்கெட்டு இருந்தால் அனுப்புங்கள், மாசக் கடைசிக்குள் வராவிட்டால் புகாரைக் கைவிடுகிறோம் என்று. கிழிச்சுப் போடுக்கா, சோலி முடிஞ்சது என்கிறாள் சித்தி. வேற ஊருக்குப் போயிட்டேன்னு எழுதிடு, உனக்கு வயசாயிடுச்சு, நம்புவாங்க என்கிறார் அப்பா. நானும் ஒரு பகல் முழுக்க அப்படித்தான் நினைத்தேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு புகாரைக்கூட நான் அமுக்கியதில்லை, உனக்காக இந்த ஒன்றை அமுக்கியிருப்பேன், ஆனால் அந்தக் கடைக்காரம்மா குறுக்கே வந்து நிற்கிறாள். அதனால் இரண்டு டிக்கெட்டையும் இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். நான் அவருக்கு எதுவும் அனுப்பப் போவதில்லை. நீ கிழித்தாலும் சரி, உன் கையால் அவருக்கு அனுப்பினாலும் சரி, ஏன் என்று கேட்க மாட்டேன். என் ஆசையைக் கேட்டால், நான் போகவில்லை, கடை இப்போது இன்ன இடத்தில் இருக்கிறது என்று நீயே எழுதிவிடு. புகார்ப் பிரிவில் பார்த்திருக்கிறேன், ஒப்புக்கொண்டவன் கோப்பு ஒரே தாளில் முடியும், விளக்கம் சொன்னவன் கோப்புதான் தடிக்கும். என் காலைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம், என் நடிப்பைப் பற்றி வேண்டுமானால் இரண்டு வரி எழுதிக்கொள். அதற்குப் பிறகும் அவர் கதவைச் சாத்தலாம், சாத்த மாட்டார் என்று நான் சொல்ல முடியாது. சாத்தினால் என்னைத் திட்டு, ஒரு மாதம் போனை எடுக்காமல் இரு, எனக்கு அது வேண்டியதுதான். அவரிடம் ஒரு தடவை முடியாது என்று சொன்னால் உன் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயந்திருப்பாய், புரிகிறது. ஆனாலும் வாலு, உனக்கு ஐந்து மொழி தெரியும், அம்மாவை விட்டு வர முடியவில்லை என்று ஒன்றில்கூட நீ எழுதவில்லை. எனக்கு ஒன்றரை மொழி தெரியும், இன்னும் ஒரு நாள் இரு என்று அதில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எங்கே எதை எழுதினாலும் உன் பேனாவும் உன் வயிறும் வாடாமல் இருக்கட்டும், போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்கள் கிடைக்கட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இரு. உறையைக் குப்பையில் போடுமுன் உள்ளே கை விட்டுப் பார், டிக்கெட்டு மெல்லிசு, ஒட்டிக்கொண்டிருக்கும். மறக்காமல் இன்னொன்று, அடுத்த முறை வரும்போது ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டுப் போ. எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா